சம்பந்திக்கு ஓட்டல் பார்த்த கதை

எங்கள் வீட்டில் யாரும் அதுவரை ஓட்டலில் தங்கியதில்லை. சாப்பிட்டிருக்கிறோம், தங்கியதில்லை. சென்னைக்குப் போனால் என் அண்ணன் வீடு. கோயம்புத்தூருக்குப் போனால் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் வீடு. திருவண்ணாமலையில் யாரும் இல்லை என்பதால் அங்கே போனால் அன்றைக்கே திரும்பிவிடுவோம். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் அறை எடுத்துத் தங்குவது எங்களுக்கு மானப் பிரச்சினை. "எங்க வூட்ல எடமில்லாமயா போச்சு?" என்று பல வருஷம் கழித்து ஏதாவது ஒரு காதுகுத்தில் வைத்துக் கேட்பார்கள். இப்படிப்பட்ட குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கு, போன கோடையில் தருமபுரியில் ஒரு ஓட்டலைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. அதுவும் என் மகளின் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று இழுபறியாக இருந்த சமயத்தில்.

மகள் அயர்லாந்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது, கட்டிக்கொண்டால் அவனைத்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். பையனுக்கு ஊர் ஒடிசா. நான் தருமபுரி மாவட்டத்தில், எங்கள் ஊரான கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஒடிசா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் மாவும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. அவருக்கு அது புயல் செய்தியில் வருகிற ஊர்.

"அங்கெல்லாம் என்ன வெள்ளாமை?" என்று என்னைக் கேட்டார்.

நெல் என்றேன்.

"நெல்லா? அப்ப நல்ல மனுசங்களாத்தான் இருப்பாங்க" என்று அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார். இவரைச் சம்மதிக்க வைப்பது இவ்வளவு சுலபம் என்று முன்பே தெரிந்திருந்தால் வீட்டில் இன்னும் எத்தனையோ காரியங்களைச் சாதித்திருப்பேன்.

நான் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்தேன். பிறகு பையன் வீடியோவில் வந்தான். "வணக்கம் அம்மா, சாப்ட்டீங்களா?" என்று பழகி வைத்துக்கொண்டு வந்து ஒப்பித்தான். சாப்பிட்டேன் என்றதும் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் மகளைப் பார்த்து விழித்தான். எனக்குக் கோபம் மூக்கு மேல் வரும், வந்த வேகத்தில் போகும். அவன் விழித்த விழியில் அது போன இடம் தெரியவில்லை.

சிக்கல் அந்தப் பக்கம் இருந்தது. பையனின் அப்பா சரி என்றுவிட்டார். அம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஒரே மகன், கண்காணாத ஊரில் பெண் எடுப்பதென்றால் யாருக்கும் யோசனையாகத்தான் இருக்கும். அந்த மனிதர்களை என் கண்ணால் பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளைகளுக்கு லீவு இல்லை. அதனால் அவர்கள் இருவர் மட்டும் விமானத்தில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவது என்று முடிவாயிற்று.

"அம்மா, ஆன்ட்டி உன்னைப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாங்க. நீ வாயை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள் மகள்.

"ஏன், நான் என்ன சண்டைக்காரியா?"

"பாத்தியா, ஆரம்பிச்சுட்ட."

என் நாத்தனார் அடுத்த தெருவில் இருக்கிறார், வீட்டுக்காரருக்கு மூத்தவர். எங்கள் குடும்பத்தில் எது வழக்கம், எது வழக்கமில்லை என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். செய்தியைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது பையனின் படிப்பையும் அல்ல, சம்பளத்தையும் அல்ல.

"வர்றவங்கள எங்க தங்க வெக்கப் போறீங்க?"

"வூட்லதாங்க அண்ணி. மாடி ரூம் சும்மாதான இருக்குது."

"நல்லாருக்குது நாயம்! கை நனைக்கறதுக்கு முன்னாடியே மாப்ள வூட்டுக்காரங்கள வூட்ல படுக்க வெப்பியா?"

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பலகாரத்தைத் தொட்டுக்கொள்வார்கள். சோறு மட்டும் சாப்பிட மாட்டார்கள். பெண் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதைத்தான் கை நனைப்பது என்போம். பேச்சு முடியாமல் யாரும் கை நனைப்பதில்லை, நனைத்தவர்கள் பிறகு பேச்சு மாறுவதில்லை. சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று போனால் அது பெண்ணுக்குத்தான் குறை. ஊர் வாயை மூட முடியாது.

சோறு போடாமல் ஒருவரை எப்படி வீட்டில் தங்க வைப்பது? ஆகவே தங்குவதும் சாப்பிடுவதும் வெளியில். வீட்டுக்கு வரட்டும், காபி குடிக்கட்டும், பேசட்டும், திரும்பிப் போகட்டும். சரி என்று சொன்ன பிறகு இலை போடலாம். இது நாத்தனாரின் தீர்ப்பு. நான் அறிவியல் படித்தவள், இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனால் மகள் விஷயம் என்று வந்துவிட்டால் என் அறிவியல் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மகளிடம் சொன்னேன். "ஐயோ, இதையெல்லாம் போய் அவங்ககிட்ட எப்படிம்மா சொல்றது? ஓட்டல்ல வசதியா இருக்கும்னு மட்டும் சொல்லிக்கறேன்" என்றாள். வெட்கம் அவளுக்கு. நானும் சரி என்றுவிட்டேன்.

ஓட்டல் பார்க்க நானும் வீட்டுக்காரரும் தருமபுரிக்குக் கிளம்பினோம். அவர் வைத்திருந்த ஒரே விதி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது. அவரைப் பொறுத்தவரை ஓட்டல் என்பது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் தங்குகிற இடம்.

"விமானத்துல வர்றவங்களுக்குப் பஸ் ஸ்டாண்டு எதுக்குங்க?" என்றேன்.

"என்ன இருந்தாலும் ஒரு அவசரம்னா போக வர வசதி" என்றார்.

முதலில் அவர் சொன்ன இடத்துக்கே போனோம். அறை மோசமில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்ததும் "அரூர் அரூர் அரூர்" என்று ஒரு பஸ் கண்டக்டரின் குரல் கட்டிலுக்குப் பக்கத்தில் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் அரூர் கேட்டது. வீட்டுக்காரர் ஒன்றும் நடக்காதது போல் மின்விசிறியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது இடம் பார்க்க லட்சணமாக இருந்தது. கீழே ஒரு கண்ணாடிக் கதவு, உள்ளே நீல வெளிச்சம். சாப்பிடுகிற இடம் என்று நினைத்து நான் தள்ளிக்கொண்டு நுழையப் போனேன். உள்ளேயிருந்து மா வியாபாரி ஒருவர் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார், வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். "வாங்க வாங்க, டீச்சரையும் கூட்டியாந்துட்டீங்களா?" என்று மனதார வரவேற்றார். நான் திரும்பி நடந்த வேகத்தில் வீட்டுக்காரர் என்னைப் பைக் நிறுத்தியிருந்த இடத்தில்தான் பிடித்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாவது பைபாஸில் புதிதாகக் கட்டியது. லிப்ட் இருந்தது, வாசலில் பூந்தொட்டி இருந்தது. வரவேற்பில் இருந்த பெண், "ரெண்டு பேருக்குங்களா மேடம்? ஆதார் கொண்டாந்திருக்கீங்களா?" என்றாள்.

"தங்கறதுக்கு இல்லம்மா. ரூமைச் சும்மா பாக்கணும்."

பெட்டி இல்லாமல், பட்டப்பகலில், நரைத்த தலையோடு ஒரு ஆணும் பெண்ணும் ரூமைச் சும்மா பார்க்க வந்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "எம் பொண்ணுக்குச் சம்பந்தம் பேச ஒடிசாவுலருந்து வர்றாங்க, அவங்களுக்குத்தான் பாக்கறோம்" என்று உண்மையை உடைத்துவிட்டேன். அவ்வளவுதான், அவள் முகமே மாறிவிட்டது. சாவிகளை அள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்தக் கல்யாணத்தை முடித்து வைக்கிற பொறுப்பு தன்னுடையது என்று அப்போதே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

நான் குழாய்களைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்தேன். தலையணை ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தேன். போர்வையை உதறினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மேல் மாடியில் ஒரு அறையின் திரையை விலக்கினால் வத்தல்மலை முழுசாகத் தெரிந்தது. அதுதான் என்று முடிவு செய்து திரும்பினால் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "மெத்தை எப்படின்னு பாக்கறேன்" என்றார். அடுத்த நிமிஷம் குறட்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரு ஓட்டல் அறையில் இருந்தது அதுதான் முதல் தடவை. எழுப்ப மனசில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

அவர்கள் வருகிற நாளன்று என் கொழுந்தனாரின் காரில் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போனோம். கொழுந்தனார் ஓட்ட, வீட்டுக்காரர் முன்னால், நான் பின்னால். சேலத்தில் ஒரு விமான நிலையம் இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்து அங்கே நேராக வர வழியில்லை. பெங்களூரிலோ விமான நிலையம் ஊருக்கு அந்தக் கோடியில். ஓசூரைத் தாண்டி, ஊரின் நெரிசல் முழுவதையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். தருமபுரியிலிருந்து ஓசூர் வரை வந்த நேரம், அந்த ஊரைக் கடப்பதற்கே ஆகிவிட்டது. "விமானத்துல வர்றவங்க சீக்கிரம் வந்துடுவாங்க, கூப்புடப் போற நாமதான் லேட்டு" என்று கொழுந்தனார் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

அங்கே வாசலில் காரை நிறுத்த விடுவதில்லை. ஆளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். எங்களை இறக்கிவிட்டுக் கொழுந்தனார் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார், இன்னும் வரவில்லை என்று நாங்கள் கையை ஆட்டுவோம், அவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி சுற்றப் போவார். கடைசியில் வீட்டுக்காரர் காவலாளியிடம் போய்த் தன் சந்தைக் கன்னடத்தை எடுத்துவிட்டார். ஓசூர்ப் பக்கம் மா விற்கப் போய்ப் பழகிய கன்னடம் அது. "பீகரு பர்த்தா இத்தாரே, சார்." சம்பந்தி வருகிறார் என்று அர்த்தம். காவலாளி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கொழுந்தனாரின் காரை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்லிக் கை காட்டினார்.

"இன்னும் சம்பந்தியே ஆகல, அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்றீங்க" என்று வீட்டுக்காரரின் கையைக் கிள்ளினேன்.

"ஆகாமயா போயிடும்?" என்றார்.

அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பா உயரம், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல ஆங்கிலம். அம்மா என் உயரம்தான். கைத்தறிப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. பெட்டிகளையெல்லாம் தள்ளுவண்டியில் விட்டுவிட்டு, ஒரு எவர்சில்வர் டப்பாவை மட்டும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். நான் மல்லிகைச் சரத்தை நீட்டினேன். உடனே திரும்பி நின்று கொண்டையைக் காட்டினார். அந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வழியெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கிருஷ்ணகிரியில் நிறுத்தித் தோசை சாப்பிட்டோம். ஓட்டலில் சாப்பிடுவது கை நனைத்த கணக்கில் வராது என்று நாத்தனாரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். மறுபடி காரில் ஏறியதும் அந்தம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், உங்கள் வீடு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

வீடு நாளைக்கு, இப்போது நேராக ஓட்டலுக்குப் போகிறோம் என்றேன்.

"ஓட்டல்?" என்றார்.

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். புது ஓட்டல். லிப்ட் உண்டு. வெந்நீர் உண்டு. ஜன்னலில் மலை தெரியும். நானே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அவர் கணவரைப் பார்த்தார், கணவர் வெளியே பார்த்தார். மொழி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தலையணை எவ்வளவு சுத்தம் என்பதைக் கையால் நடித்தும் காட்டினேன். அவர் மெல்லச் சிரித்தார். அதற்குப் பிறகு தருமபுரி வரும் வரை பேசவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அறையில் விட்டுவிட்டு, காலையில் கார் வரும், வீட்டுக்கு வந்து காபி குடிக்கலாம் என்று சொல்லிக் கும்பிட்டோம். வரவேற்புப் பெண் என்னைப் பார்த்து ஜெயித்துவிட்டோம் என்பது போல் கட்டை விரலைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது மகளின் போன் வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, என்னம்மா பண்ணி வெச்ச?"

அந்தம்மா மகனிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். இவ்வளவு தூரம் வந்தவர்களை வீட்டு வாசலைக்கூடக் காட்டாமல் ஓட்டலில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா வழியெல்லாம் ஓட்டல் ஓட்டல் என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் வருவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, வேண்டாம் என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு நாளைக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறோம். இவ்வளவும் சொன்னாராம்.

எனக்கு வந்த கோபத்தில் வாளியை எட்டி உதைத்தேன். "பிடிக்காமயா? அந்த ஓட்டலுக்காக நான் எத்தனை தலகாணிய மோந்து பாத்தேன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன். மகளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பு இன்னும் பெரிய அழுகையாயிற்று. அதைக் கேட்டதும் என் கோபம் வடிந்து பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் பையன் இல்லையென்றால் அவள் என்ன ஆவாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது கைவிட்டுப் போகக் கூடாது என்று முதல் தடவையாக நானும் ஆசைப்பட்டேன்.

கொழுந்தனார் சாவியை எடுத்துவிட்டார். "இப்பவே போயிக் கூட்டியாந்துடலாங்க அண்ணி."

வீட்டில் காத்திருந்த நாத்தனார் விடவில்லை. "கூட்டியாந்தா சோறு போடணும். போட்டுட்டு, நாளைக்கு அவங்க வேணாம்னு எந்திரிச்சுப் போயிட்டா? புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதும் என் மகள் மேல் இருந்த பாசத்தில்தான். காலையில் நான் நேரில் போய் வழக்கத்தை எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். கை நனைப்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது ஏதோ தொற்றுநோய்த் தடுப்பு விதி மாதிரியே வந்தது.

காலையில் வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போய்விட்டார். நாத்தனாரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நானும் கொழுந்தனாரும் தருமபுரிக்குப் போனோம். வரவேற்புப் பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அவங்க காலைலயே கெளம்பிட்டாங்களே மேடம்!"

"பெட்டியெல்லாம்?"

"பெட்டி ரூம்லதாங்க இருக்குது. ஒரு டப்பாவ மட்டும் எடுத்துக்கிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு எங்கன்னு கேட்டாங்க, நான்தான் ஆட்டோ புடிச்சு ஏத்தி உட்டேன்."

பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கே போயிருப்பார்கள்? ஒன்றும் ஓடவில்லை. அப்போது நாத்தனாரின் போன். எப்போதும் போனே தேவையில்லை என்கிற மாதிரிப் பேசுகிறவர், அன்றைக்குக் கிசுகிசுத்தார்.

"எங்க புள்ள இருக்க? சீக்கிரம் வா."

"என்னங்க அண்ணி ஆச்சு?"

"உன் சம்பந்தியம்மா நம்ம சமையக்கட்டுல உக்காந்திருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கொழுந்தனார் அன்றைக்கு ஓட்டிய வேகத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. இருவரும் பஸ்ஸில் கடத்தூர் வந்து, டீக்கடையில் செல்போனில் என் மகளின் படத்தைக் காட்டி, இந்தப் பெண்ணின் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு, டீச்சர் வீட்டுச் சம்பந்தி வந்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே ஊருக்குள் கூட்டி வந்திருக்கிறார். பையனின் அப்பா முன்னறையில் உட்கார்ந்து பலாச்சுளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள், திரும்பிப் போவதற்கு முன்னால் கொண்டுவந்ததையாவது உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று என் மனைவி பிடிவாதம் பிடித்தாள் என்றார். நான் சமையலறைக்கு ஓடினேன்.

அந்தம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் கிண்ணத்தில் பழைய சோறு. நீராகாரத்தில் கையை விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பா பக்கத்தில் திறந்திருந்தது. உள்ளே உளுந்து அரைத்துக் காய வைத்த வடகம். எங்கள் வாணலியில், எங்கள் எண்ணெயில் அதைப் பொரித்துத் தட்டில் போட்டிருந்தார்கள். என் நாத்தனார் கரண்டியோடு அடுப்புப் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னங்க அண்ணி இது?"

"நான் என்ன பண்ணட்டும் புள்ள? எனக்குன்னு ஊத்தி வெச்சிருந்தேன். அந்தம்மா உள்ள வந்து எட்டிப் பாத்துது. பாத்துட்டுப் பொகாளோ பொகாளோன்னு சிரிச்சிக்கிட்டே எங்கையப் புடிச்சிக்கிச்சு. வயித்தத் தொட்டுக் காமிச்சுது. பசின்னு வந்து நிக்கறவங்ககிட்டச் சோறு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நீரூற்றிய சோறுதான் கோடையில் அவர்கள் ஊரிலும் சாப்பாடாம். பொகாளோ என்பது அதன் பெயர். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து இவளுக்கு எதுவும் சரியாக இறங்கவில்லை, இங்கேதான் சாப்பிடுகிறாள் என்று பின்னால் வந்து நின்ற பையனின் அப்பா சொன்னார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்த ஆங்கிலம் மறந்து போயிற்று. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் பெண் வீட்டில் சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நீங்கள் யோசித்து முடிவு செய்வதற்கு முன்னால் உங்களைக் கட்டிப்போடக் கூடாது என்றுதான் ஓட்டல் பார்த்தோம். உங்களை வாசலில் நிறுத்துவதற்காக இல்லை. தெரியாமல் சாப்பிட்டதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டோம், நீங்கள் தாராளமாக யோசிக்கலாம். பையனின் அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக மனைவிக்குச் சொன்னார்.

அந்தம்மாவின் கை கிண்ணத்தில் நின்றது. கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் நாத்தனாரை ஏறிட்டுப் பார்த்தார். மிச்சமிருந்த சோற்றை நிதானமாக வழித்துச் சாப்பிட்டு, தண்ணீரையும் குடித்து முடித்தார். காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று என் நாத்தனாரிடம் நீட்டினார்.

நாத்தனார் பானையைச் சாய்த்து ஊற்றினார். கண்ணைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. நான் எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு அந்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்த வடகத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

பெட்டிகளை எடுத்துவர, தோட்டத்திலிருந்து திரும்பியிருந்த வீட்டுக்காரரையும் கொழுந்தனாரையும் ஓட்டலுக்கு அனுப்பினோம். நல்ல வெயில் ஏறியும் வரவில்லை. கூப்பிட்டால் கொழுந்தனார் எடுத்து, "ரூமைக் காலி பண்ண இன்னும் நேரமிருக்குதாமுங்க. அண்ணன் ஏசி போட்டுக்கிட்டுத் தூங்கறார்" என்றார்.

அந்தப் போனை வைப்பதற்குள் மகள் கூப்பிட்டாள். அயர்லாந்தில் அப்போதுதான் விடிந்திருந்தது. இரவெல்லாம் தூங்காத குரல்.

"ஆன்ட்டிகிட்டப் பேசுனியாம்மா? என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல கண்ணு."

இதற்கு மேல் அவளைத் தவிக்க விட என்னால் முடியவில்லை.

"நம்ம வூட்ல சாப்ட்டாங்க" என்றேன். "விஷயத்தச் சொன்னேன். சொன்னதுக்கப்புறம் கிண்ணத்த நீட்டி இன்னொரு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டாங்க."

என் மகள் அயர்லாந்தில் பெரிய வேலையில் இருப்பவள். அவள் "ஆத்தா!" என்று போட்ட கத்தலில், சமையலறையில் இருந்த அவளுடைய மாமியார் பயந்துபோய்க் கிண்ணத்தோடு எழுந்து வந்தார்.